வன்னிப் பயணத்தில் தூரம், வேகம், நேரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களுக்குள்ளும், அங்கிருந்து யாழ்ப்பாணம், கொழும்புப் பக்கமும் போய்வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. கீழே தரும் தூரங்கள் சந்திக்குச் சந்தி கணக்கிட்டவை. உங்கள் படலையிலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று கிலோமீற்றர் முன்பின்னாக இருக்கும்.

எங்கள் வீட்டிலிருந்து கிளிநொச்சி 60 கிலோமீற்றர்தான். ஒரு மணித்தியாலம் போதாதா?

போதாது. 60 கிலோமீற்றரை 60 ஆல் பிரித்தால் ஒரு மணித்தியாலம் வரும், உண்மைதான். ஆனால் அது படலையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை ஒரே வேகத்தில், ஒரு மாட்டுக்கும் பிரேக் போடாமல் ஓடினால் வரும் கணக்கு. அப்படி ஒரு வீதி வன்னியில் இல்லை.

பாதையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒட்டுசுட்டானுக்கு உள்ளே 6 கிலோமீற்றர் கிரவல் வீதியில் இருக்கும் ஒரு வீட்டை எடுப்போம். காலை 8 மணிக்குக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிளினிக். வண்டி ஒரு வான்.

கிரவல் 6 கிலோமீற்றர், மணிக்கு 20 வேகம்: 18 நிமிடம்.
ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் சந்தி சுமார் 25 கிலோமீற்றர், சராசரி 45: 33 நிமிடம்.
மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி சுமார் 30 கிலோமீற்றர், சராசரி 55: 33 நிமிடம்.

ஓட்டம் மட்டும் 84 நிமிடம். முறிகண்டியில் நிற்காமல் போகிற வன்னிச் சாரதி அபூர்வம். பிள்ளையாரைக் கும்பிட்டு ஏறப் பத்து நிமிடம். நகருக்குள் புகுந்து, வண்டியை விட்டு, நடந்து போய்ச் சேர இன்னொரு பத்து. 104 ஆகிவிட்டது. இதற்கு மேல் பதினைந்து நிமிடம் கையிருப்பு வையுங்கள். இரண்டு மணித்தியாலம். எனவே 6 மணிக்கு வான் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். 6 மணிக்கு அம்மா சேலை மாற்றிக்கொண்டிருந்தால் அது 6 மணிப் பயணம் அல்ல.

கணக்கைப் பின்னாலிருந்து போடுவதுதான் முறை. போய்ச் சேர வேண்டிய நேரத்தை முதலில் எழுதி, ஒவ்வொரு துண்டாகக் கழித்துக்கொண்டு வாருங்கள்.

மனதிலேயே கணக்குப் பார்க்க இலகுவான வழி உண்டா?

மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்பதை, ஒரு கிலோமீற்றருக்கு இத்தனை நிமிடம் என்று மாற்றி வைத்துக்கொண்டால் பிரித்தல் தேவைப்படாது, பெருக்கினால் போதும்.

மணிக்கு 60 என்றால் கிலோமீற்றருக்கு 1 நிமிடம். 40 என்றால் ஒன்றரை. 30 என்றால் 2. 20 என்றால் 3. சைக்கிள் 12 இல் போனால் 5 நிமிடம். நடை, சாதாரண வேகத்தில் 12 நிமிடம். சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்து நடந்தால் 15க்கு மேல்.

எந்த வீதிக்கு எந்த வேகத்தைப் போடுவது?

வேகமானி தொடுகிற உச்ச வேகத்தைப் போடக்கூடாது, சராசரியைப் போட வேண்டும். கார், வானுக்குச் சட்டப்படியான எல்லை குடிமனைப் பகுதிகளில் 50, வெளியே 70. ஓட்டோவுக்கு 40. எல்லை 70 என்பதால் கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் சராசரி 70 வராது. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஒவ்வொரு ஊரிலும் குறைத்து ஏற்ற வேண்டியிருப்பதால் பகலில் 50 முதல் 55 வரைதான் நிற்கும்.

மாங்குளம் – முல்லைத்தீவு ஏ34, பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 வீதிகளுக்கு 45 போடலாம். குடிமனை ஊடாகப் போகும் உள்வீதிகள், தார் போட்டதாக இருந்தாலும், 30 முதல் 35. கிரவலுக்கு வெயில் காலத்தில் 20 முதல் 25. மழை விட்ட மறுநாள் அதே கிரவலில் 15 கூட வராது, குழியில் தண்ணீர் நிற்பதால் ஆழம் தெரியாமல் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

பருவமும் இதில் சேர்த்தி. காலபோக அறுவடை நடக்கும் தை, மாசி, பங்குனியில் வெட்டு மெசினும் நெல் மூட்டை ஏற்றிய ட்ரக்டர் பெட்டியும் வீதிக்கு வந்துவிடும். வீதியின் ஒரு பக்கத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள். இரண்டு வண்டி போகிற வீதி ஒன்று போகிற வீதியாகிவிடும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஆடி (யூலை) 2ஆம் திகதியும் ஆவணி (ஓகஸ்ட்) 15ஆம் திகதியும் மடு மாதா திருவிழா. அந்த நாள்களில் அந்தப் பக்கம் போகிறவர்கள் வழக்கமான சராசரியை மறந்துவிட வேண்டியதுதான். பாடசாலை நாள்களில் காலை 7 முதல் 7.30 வரையும் பிற்பகல் 1.30 ஐ ஒட்டியும் சந்திகள் எல்லாம் சைக்கிள்.

பிந்தி வெளிக்கிட்டால் ஓட்டத்தில் பிடித்துவிடலாமே?

பென்சில் எடுத்துப் பாருங்கள். மாங்குளம் – கிளிநொச்சி 30 கிலோமீற்றரை 60 இல் ஓடினால் 30 நிமிடம். 70 இல் ஓடினால் 25 நிமிடம் 43 விநாடி. மிச்சம் நாலு நிமிடமும் கொஞ்சமும். முறிகண்டியில் கச்சான் வாங்கி, மிச்சக் காசு எண்ணி ஏறுவதற்குள் அது போய்விடும்.

சட்டத்தை மீறி 90 இல் போனால் 20 நிமிடம். பத்து நிமிடம் மிச்சம். அதுவும் முழுத் தூரமும் 90 இல் போனால்தான். நடுவில் ஒரு லொறிக்குப் பின்னால் மூன்று நிமிடம் மாட்டிக்கொண்டால், அல்லது வேகம் பார்க்கும் கருவியோடு நிற்கும் பொலிஸார் மறித்துவிட்டால், கணக்கு மறுபக்கம் சாயும்.

நேரம் உண்மையில் போவது மெதுவான துண்டில். மேலே சொன்ன 6 கிலோமீற்றர் கிரவலில் 20 க்குப் பதில் 15 இல் போக நேர்ந்தால் 18 நிமிடம் 24 ஆகிறது. ஏ9 இல் உயிரைக் கொடுத்துப் பிடித்த நாலு நிமிடம், கிரவலில் சத்தமில்லாமல் ஆறாகப் போய்விடுகிறது. ஆகவே நேரத்தை மிச்சப்படுத்த விரும்பினால் மெதுவான துண்டைத் தவிர்க்க வழி தேடுங்கள். மூன்று கிலோமீற்றர் சுற்றினாலும் தார் வீதிக்கு வேளைக்கே ஏறும் பாதை பெரும்பாலும் லாபம்.

போகும்போது 60, வரும்போது 30 இல் வந்தோம். சராசரி 45 தானே?

இல்லை, 40. போக 50 கிலோமீற்றர், 60 இல் 50 நிமிடம். வர அதே 50 கிலோமீற்றர், 30 இல் 100 நிமிடம். மொத்தம் 100 கிலோமீற்றர், 150 நிமிடம். மெதுவாகப் போன பகுதியில் அதிக நேரம் இருந்தீர்கள், அதனால் சராசரி அந்தப் பக்கம் இழுபடுகிறது. ஒரே நாளில் போய்வரத் திட்டமிடுகிறவர்கள் செய்யும் பிழைகளில் இதுதான் பெரிது. மாலை இருட்டில் திரும்பும் வேகத்தைக் காலை வேகத்தோடு கூட்டி இரண்டால் பிரித்துவிடுகிறார்கள்.

வயதானவர்கள் "கட்டை" என்று சொல்வது மைலா, கிலோமீற்றரா?

பெரும்பாலும் மைல். மைல்கல் நின்ற காலத்துப் பேச்சு அது. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்ற இடம் இருக்கிறது. ஏ9 கண்டியில் தொடங்குவதால் அங்கிருந்து 155 மைல் என்று பொருள். ஒரு மைல் 1.609 கிலோமீற்றர், ஆகவே 249 கிலோமீற்றர் அளவு. இன்று வீதியோரம் நிற்பவை கிலோமீற்றர்க் கல். அதே இடத்தில் 250 ஐ ஒட்டிய எண்ணைக் காண்பீர்கள். இரண்டு எண்ணையும் குழப்பி 155ஆவது கிலோமீற்றர்க் கல்லைத் தேடினால் வவுனியாவுக்கும் தெற்கே போய் நிற்க நேரும்.

"அந்தா, ரெண்டு கட்டைதான்" என்று வழியில் ஒருவர் சொன்னால் குறைந்தது மூன்று கிலோமீற்றர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நடந்து போகிறீர்கள் என்றால் கிட்டத்தட்ட 40 நிமிடம். தூரம் கேட்பதைவிட "மோட்டார் சைக்கிளில் எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று கேட்டால் பதில் சரியாக வரும், ஏனென்றால் அவர் அப்படித்தான் போய்வருகிறார்.

வேகமானி காட்டுவது சரியான வேகமா?

அநேகமாகக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். குறைத்துக் காட்டக்கூடாது என்பது உற்பத்தியாளர்களுக்குள்ள சர்வதேச விதி. சோதிக்க வேண்டுமென்றால் ஏ9 இன் கிலோமீற்றர்க் கற்களே போதும். சாரதி ஒரே வேகத்தைப் பிடிக்க, பக்கத்தில் இருப்பவர் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை விநாடி எண்ணட்டும். 3600 ஐ அந்த விநாடிகளால் பிரித்தால் உண்மை வேகம். 60 விநாடி என்றால் 60. 72 விநாடி என்றால் 50. 90 விநாடி என்றால் 40. ஒரே ஒரு கல்லை நம்பாமல் ஐந்து கற்களுக்கு எண்ணிச் சராசரி எடுங்கள். பழைய ரயரைக் கழற்றி வேறு அளவு ரயர் போட்ட மோட்டார் சைக்கிள்களில் வேகமானியும் தூரக் கணக்கும் இரண்டுமே பிழைக்கும்.

போன் வரைபடம் காட்டும் நேரத்தை நம்பலாமா?

ஏ9 இல் நம்பலாம், கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். உள்வீதிகளில் கவனம். காட்டுக்குள்ளால் போகும் வண்டிப் பாதையையும் குளக்கட்டையும் அது வீதி என்று நினைத்துக் குறுக்குவழி காட்டிவிடும். "18 நிமிடம் குறைவு" என்று வந்தால், செய்மதிப் படத்தைத் திறந்து அந்தக் கோடு வெள்ளையாக, அகலமாகத் தெரிகிறதா, இல்லை மரத்துக்குள் மறைகிறதா என்று பாருங்கள். காட்டுப் பகுதிகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வையுங்கள்.

ஊர்ப் பெயரும் ஏமாற்றும். புதுக்குடியிருப்பு என்று மட்டக்களப்பிலும் ஓர் ஊர் உண்டு. முதலில் வருவதை அழுத்திவிட்டு "இவ்வளவு தூரமா!" என்று திகைப்பவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணிவெடி அபாயப் பலகையோ நாடாவோ தெரிந்தால் எந்தக் குறுக்குவழியும் வேண்டாம். வண்டியைத் திருப்புவதற்குக் கூட வீதியை விட்டு இறங்காதீர்கள்.

வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் ஊர் ஏன் அவ்வளவு தூரம்?

நடுவில் தண்ணீர் இருப்பதால். பூநகரியும் யாழ்ப்பாணமும் கடல்நீரேரியின் இரு கரை. சங்குப்பிட்டிப் பாலம் 2011 தையில் திறந்த பிறகு பூநகரியிலிருந்து யாழ்ப்பாணம் 30 கிலோமீற்றருக்குள். அதே பயணத்தைப் பரந்தன், ஆனையிறவு வழியாகச் செய்தால் 80க்கு மேல். கொக்கிளாயும் புல்மோட்டையும் அப்படித்தான். முகத்துவாரத்துக்கு அக்கரை கண்ணுக்குத் தெரியும், தரைவழி நீரேரியைச் சுற்ற வேண்டும்.

தண்ணீர் இல்லாத இடத்திலும் வீதி நேர்கோட்டில் போவதில்லை. கிளிநொச்சி – முல்லைத்தீவு ஆகாய மார்க்கமாக 47 கிலோமீற்றர் அளவு, வீதியால் 57 அளவு. வரைபடத்தில் விரலால் அளந்த தூரத்தோடு நாலில் ஒரு பங்கு கூட்டினால் பெரும்பாலும் கிட்ட வரும்.

முல்லைத்தீவுக்கு எந்தப் பாதை நல்லது?

கிளிநொச்சியிலிருந்து என்றால் பரந்தனால் திரும்பி தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக ஏ35. மாங்குளம் போய் ஏ34 இல் திரும்பினால் 80 கிலோமீற்றர் ஆகிவிடும். ஏ35 இல் ஒரு கண்டம் மட்டும் உண்டு: நந்திக்கடலைக் கடக்கும் வட்டுவாகல் பாலம். பழைய பாலம் ஒடுக்கமானது, எதிரே வண்டி ஏறிவிட்டால் இந்தக் கரையில் நின்று வழிவிட வேண்டும். மாரியில் தண்ணீர் மேவும் இடமும் அதுதான். மழை நாளில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடம் பாலம் எப்படி என்று கேட்டுவிட்டே வெளிக்கிடுங்கள். கடக்க முடியாதென்றால் பாதி வழி வந்து திரும்புவதை விட மாங்குளம் பாதையால் சுற்றுவதே வேளைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வவுனியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மாங்குளம் வழி சுமார் 95 கிலோமீற்றர். புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி வழியாகப் போனால் தூரம் குறைவு, காடு அதிகம். பகலில் அதைப் பார்க்கலாம். பொழுதுபட்ட பிறகு மாங்குளமே மேல்.

பஸ்ஸில் போனால் எப்படிக் கணக்கிடுவது?

நின்று நின்று போகும் பஸ்ஸுக்குச் சராசரி 35 முதல் 40. வவுனியா – யாழ்ப்பாணம் 140 கிலோமீற்றருக்கு நாலு மணித்தியாலம் ஒதுக்கினால் ஏமாற மாட்டீர்கள். ஆனால் பஸ் பயணத்தில் ஓட்டத்தைவிடக் காத்திருப்புத்தான் நேரத்தைத் தின்னும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு பஸ் ஓடும் வழியில் சும்மா போய் நின்றால் சராசரியாக 15 நிமிடம் காத்திருப்பீர்கள். கிளினிக், பரீட்சை, வழக்கு என்றால் சராசரியை நம்பக்கூடாது. முழு அரை மணித்தியாலத்தையும் போடுங்கள். மாங்குளத்திலோ பரந்தனிலோ மாறி ஏற வேண்டுமென்றால் அங்கேயும் ஒரு முழு இடைவெளி.

உள்ளூர் பஸ் நாளுக்கு இரண்டோ மூன்றோ தடவை மட்டும் வரும் கிராமங்களில் கணக்கே வேறு. அங்கே முதலில் கேட்க வேண்டியது கடைசி பஸ் எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்பது. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) அலுவல் 3 மணிக்கு முடிந்து, கடைசி பஸ் 2.30க்குப் போயிருந்தால், காலையில் எவ்வளவு வேளைக்குப் போனீர்கள் என்பதில் பயனில்லை.

மாரியில் எவ்வளவு கூட்ட வேண்டும்?

ஐப்பசி கடைசியிலிருந்து மார்கழி வரை தார் வீதிக்கு மூன்றில் ஒரு பங்கு, கிரவலுக்கு இரண்டு மடங்கு. அது தூறலுக்கும் சாதாரண மழைக்கும். அடைமழை என்றால் வீதி இருக்குமா என்பதுதான் கேள்வி. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீதிகள் தண்ணீருக்குள் போயின. மதவுக்கு மேலால் தண்ணீர் பாயும்போது காரும் ஓட்டோவும் இறங்கக் கூடாது. தண்ணீருக்கு அடியில் மதவு இருக்கிறதா, அறுத்துக்கொண்டு போய்விட்டதா என்று மேலிருந்து தெரியாது.

இரவில் ஏன் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள்? வீதி வெறுமையாகத்தானே இருக்கிறது?

வெறுமையாக இல்லை, தெரிவதில்லை, அவ்வளவுதான். கட்டாக்காலி மாடுகள் பகல் வெயிலில் சூடேறிய தாரில் வந்து படுக்கின்றன. கறுத்த மாடு, கறுத்த தார். லைற் இல்லாத ட்ரக்டர் பெட்டி. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மடுப் பக்கங்களில் யானை.

குறைத்த வெளிச்சத்தில் உங்களுக்கு முன்னால் தெளிவாகத் தெரிவது சுமார் 40 மீற்றர். மணிக்கு 50 இல் போகும் வண்டி விநாடிக்கு 14 மீற்றர் ஓடுகிறது. கண்டு, விளங்கி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி: 21 மீற்றர். பிறகு உலர்ந்த தாரில் நிற்க 14 மீற்றர். மொத்தம் 35. மாட்டுக்கு முன்னால் நின்றுவிடலாம். 70 இல் அதே கணக்கு 29 உம் 27 உம், 56 மீற்றர். மாட்டைக் கண்டபோதே நிறுத்த முடியாத இடத்துக்கு வந்துவிட்டீர்கள். நனைந்த தாரில் 50 கூட அதிகம்; 40 மீற்றரைத் தாண்டும். ஆகவே இரவுக் கணக்கில் சராசரி 40 போடுங்கள், உள்வீதிக்கு 25.

கார்த்திகையில் 6 மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும், ஆடியில் 6.30 வரை வெளிச்சம். மாலைப் பயணத்தைக் காட்டுத் துண்டு பகலில் முடியும்படி அமைத்து, ஏ9 ஐ இருட்டுக்கு விடுங்கள். யானை நின்றால் ஹோர்ன் அடிக்காதீர்கள், முழு வெளிச்சத்தைக் கண்ணுக்குப் பாய்ச்சாதீர்கள். தூரத்திலேயே நிறுத்தி, அது இறங்கும் வரை பார்த்திருப்பதுதான். அதற்கான நேரத்தை எந்தக் கணக்கும் சொல்லாது.

கொழும்புப் பயணத்துக்கு?

கிளிநொச்சியிலிருந்து 330 கிலோமீற்றர் அளவு. காரில் ஓட்டம் மட்டும் ஏழு மணித்தியாலம், சாப்பாடும் நிறுத்தமும் சேர எட்டு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் சாரதி இறங்கி நடக்க வேண்டும். விமானம் ஏறப் போகிறவர்கள், விமான நிலையத்தில் நிற்க வேண்டிய மூன்று மணித்தியாலத்தையும் பின்னோக்கிக் கழித்து, அதற்கு மேலும் ஒன்றரை மணித்தியாலம் விட்டு வையுங்கள். ரயிலில் போவதானால் அந்தக் கிழமை வண்டி ஓடுகிறதா, எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டே ஆசனம் பதியுங்கள்.

எரிபொருள் எவ்வளவு தேவை?

தாங்கியை நிரப்பி, தூரக் கணக்கைக் குறித்து, இரண்டு மூன்று நாள் ஓடி, திரும்ப நிரப்புங்கள். ஓடிய கிலோமீற்றரை இரண்டாம் தரம் அடித்த லீற்றரால் பிரித்தால் உங்கள் வண்டியின் கணக்கு. லீற்றருக்கு 10 ஓடும் வானுக்கு 120 கிலோமீற்றர் போய்வர 12 லீற்றர். கிரவலும் ஏசியும் சேர்ந்தால் 15 ஆக வையுங்கள். ஏ9 ஐ விட்டு இறங்குமுன் நிரப்புவது நல்லது, உள்ளே பெற்றோல் செட் தேடி ஓடுகிற தூரமும் தூரம்தான்.

வாடகை வானை எத்தனை மணிக்கு வரச் சொல்வது?

வெளிக்கிட வேண்டிய நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி. முதல்நாள் இரவு சாரதிக்குப் போன் எடுத்து மூன்று விடயத்தைச் சொல்லுங்கள்: எத்தனை பேர், உங்கள் ஒழுங்கையில் வான் திரும்ப இடம் இருக்கிறதா, எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும். "6 மணிக்கு வாங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னால் அவர் 6 மணிக்குத் தன் வீட்டிலிருந்து வெளிக்கிடுவார். "8 மணிக்குக் கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாசலில் நிக்கோணும்" என்று சொன்னால் அவரே கணக்குப் போட்டு, ஐந்தரைக்கு வந்து ஹோர்ன் அடிப்பார்.